ஒற்றைக் கையில் வந்த புது மெஷின்

“இந்தப் பெட்டி உனக்கு வேலை செய்யுதா, இல்ல நீ இந்தப் பெட்டிக்கு வேலை செய்யுறியா?”

கணவர் ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். அப்போது பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. இடது முழங்கையால் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டு, வலது கையால் பாட்டை மாற்றிக்கொண்டு, காலால் மேசை விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். முழங்கையை எடுத்தால் இடதுபக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். விசிறியை எடுத்தால் கால் மணி நேரத்தில் பெட்டி சூடாகி, பாட்டு திக்க ஆரம்பிக்கும்.

அது ஸ்கேட்டிங் அரங்கத்தின் டிஜே பெட்டி. இரண்டு சிடி பிளேயர், நடுவில் ஒரு மிக்ஸர், மூன்றும் ஒரே இரும்புக் கூட்டுக்குள். பதினெட்டு வருஷமாக அவள் கையில்தான் இருக்கிறது. ஒருமுறை ரிப்பேருக்குப் போன இடத்தில் நடு ஸ்லைடரின் வயரைத் தலைகீழாகப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார்கள். இடதுபக்கப் பாட்டு வேண்டுமென்றால் வலதுபக்கம் தள்ள வேண்டும். திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடலாம் என்று நினைப்பதற்குள் அவள் கை அதற்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு, உலகத்தில் இருந்த மற்ற மிக்ஸர்கள்தான் தப்பாக இருந்தன.

அரங்கத்தில் எல்லோரும் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூண்டுக்குள் நிற்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும். அதுவும் பாட்டாகத்தான் வரும்.

கூண்டு என்பது, முட்டை வடிவத் தளத்தின் நட்ட நடுவில் மார்பு உயரத்துக்குப் பலகை அடித்த ஒரு வட்டம். அதைச் சுற்றித்தான் எல்லோரும் சக்கரக்காலோடு ஓடுவார்கள். “சக்கரம் இல்லாத கால் இந்தத் தளத்தில் படக்கூடாது” என்று முதலாளியம்மா போர்டு எழுதி வைத்திருந்தார். ஆகவே கூண்டுக்கு வர வேண்டுமென்றால் மேலாளராக இருந்தாலும் ஸ்கேட் மாட்டிக்கொண்டுதான் வந்தாக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேலாளர் அப்படித்தான் வந்தார். கழுத்தில் டை, காலில் சக்கரம், ஒற்றைக் கையில் பளபளவென்று ஒரு கறுப்பு மெஷின்.

“பாருங்க மேடம். இதுதான் புதுசு. எவ்வளவு லேசு பாத்தீங்களா? ஒத்தைக் கையில தூக்கிட்டு வரேன். உங்க பெட்டிய நகர்த்த ரெண்டு ஆளு வேணும்.”

“அது கனமா இருக்கிறதாலதான் சார் ஆடாம நிக்குது.”

“அந்தக் காலமெல்லாம் போச்சு. டெலிவரிக்கு நாள் ஆகும்னு கடையில சொன்னாங்க. நான் காத்திருக்கிற ஆளா? நானே தூக்கிட்டு வந்துட்டேன்.”

“பழசுல என்ன குறை?”

“பழசுங்கிறதே குறைதானே.”

மெஷினை வைத்து, பின்பக்கம் வயர்களைத் தானே சொருகி, சுவிட்சைப் போட்டார். முப்பத்திரண்டு பட்டன்களும் வானவில் மாதிரி ஒளிர்ந்தன. சின்னத் திரையில் நீல அலை ஒன்று நெளிந்து ஓடியது.

“இதுல ஆட்டோ இருக்கு. ஆள் இல்லாமலே வாசிக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு முதலாளியம்மா வராங்க. நீங்க அதுக்குள்ள கத்துக்கிட்டீங்கன்னா நீங்க போடுங்க. இல்லன்னா அதுவே போட்டுக்கும். இந்தக் கூண்டை எடுத்துட்டு இங்க ஒரு கூல்டிரிங்ஸ் கவுண்டர் போட்டுடலாம்னு எனக்கு ஒரு யோசனை.”

அவள் கூண்டின் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பழைய பெட்டி?”

“ஸ்டோர் ரூமுக்குப் போகுது. அங்கேர்ந்து திங்கட்கிழமை காயலான் கடைக்கு. அப்புறம் மேடம், இதோட பின்பக்கம் மட்டும் கை வெச்சுடாதீங்க. நான் செட் பண்ணி வெச்சிருக்கேன்.”

தளத்துக்குப் பாலிஷ் போடுவதால் அந்த வாரம் சனிக்கிழமை மதியம் வரை அரங்கத்துக்கு விடுமுறை. அவள் மட்டும் தினமும் காலையில் வந்து, தேய்த்து முடித்த ஓரமாக மெல்ல உருண்டு, கூண்டுக்குள் நுழைந்து மெஷினைப் போட்டாள். வெளிச்சம் வந்தது. நீல அலை வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். இரண்டிரண்டாக அழுத்தினாள். ஸ்லைடரை இடம் தள்ளினாள், வலம் தள்ளினாள். கடைசியில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய பழக்கத்தில் மூடிமேல் முழங்கையையும் வைத்துப் பார்த்தாள். மெஷின் வாயைத் திறக்கவில்லை.

மேலாளர் அறைக்குப் போய்க் கதவோரம் நின்றாள்.

“சார், சத்தம் வரலை.”

“வரலையா? நேத்து நானே போட்டுப் பார்த்தேனே! என்ன துல்லியம்! பாடகர் மூச்சு விடுறதுகூடக் கேட்குது.”

“எந்த பட்டன் சார்?”

“அதெல்லாம் ஒருத்தர் சொல்லி வரதில்ல மேடம். உள்ளுணர்வா வரணும்.”

அவளுக்கு உள்ளுணர்வாக வந்தது அழுகைதான். அதை அவருக்குக் காட்டுவதாக இல்லை.

வீட்டில் வேறு மாதிரி பேசினாள்.

“கத்துக்க வேண்டியதுதானே?” என்றார் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாலும் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடும்.

“மாட்டேன்.”

“ஏம்மா?”

“எனக்குப் பிடிக்கல. அதைத் தொடவே மாட்டேன். பட்டன் எரிஞ்சா அது மெஷினா? கல்யாண மண்டப வாசல்லகூடத்தான் லைட்டு எரியுது.”

தெரியவில்லை என்பதைவிடப் பிடிக்கவில்லை என்பது சொல்லச் சுலபமாக இருந்தது. ஆனால் பாத்திரம் கழுவும் சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு, செல்போனைச் சோப்பு டப்பாமேல் சாய்த்து வைத்து வீடியோ பார்த்தாள். அதே மெஷின். வீடியோவில் ஒருவன் ஒரே ஒரு பட்டனை விரலால் தட்டினான். அது பாடியது. அதே பட்டனைத்தான் அவள் அன்று காலையில் முப்பது தடவை தட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வீடியோ சத்தம் கூடத்துக்குக் கேட்டது. கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“தொடவே மாட்டேன்னியே?”

அவள் திரும்பவில்லை. “நாலு நாளா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு அது பாட மாட்டேங்குதுங்க. அந்த ஆளுக்குப் பாடுது, வீடியோக்காரனுக்குப் பாடுது. எனக்கு மட்டும் பாட மாட்டேங்குது. என் மண்டைதான் மரமாப் போச்சு போல.”

“அட, பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியாம வந்தவங்களையெல்லாம் நான் ரோட்டுல ஓட விட்டிருக்கேன்…”

“இது கிளட்ச் இல்லீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “ஆனா அந்தக் கூண்ட மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அந்த ஆளுக்கு வெளிச்சம்தானே வேணும்? வெளிச்சம் மேல எரியட்டும். பாட்டு கீழேர்ந்து வரும்.”

சனிக்கிழமை காலையில் இருவரும் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய பெட்டியைக் கடத்தினார்கள். கணவருக்கு ஸ்கேட் அதுதான் முதல்முறை. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு ஹேண்ட்பிரேக் எங்க இருக்கு?” என்று கேட்டபடியே தளத்தின் நடுவரை வந்து சேர்ந்தார்.

பெட்டியை மேசைக்கு அடியில் வைத்தாள். புது மெஷினின் பின்னாலிருந்த ஸ்பீக்கர் வயரை, கையை மட்டும் விட்டுத் துழாவி இழுத்தாள். ஆடும் பல் மாதிரி கையோடு வந்தது. “வயரைப் பிடிச்சு வெச்சுக்கக்கூட இதுக்குத் தெம்பில்ல” என்று ஏளனம் செய்துவிட்டு, பழைய பெட்டியில் சொருகினாள். மேசைமேல் மெஷினுக்கு அடியில், தரைவரை தொங்குமாறு கறுப்புத் துணி விரித்தாள். நின்றபடியே குனிந்து, துணிக்குள் கைவிட்டு வாசிப்பது என்று திட்டம்.

ஒத்திகையின் முதல் பாட்டிலேயே திட்டம் நொண்டியது. மூடியை அழுத்த முழங்கை எட்டவில்லை. முட்டியால் அழுத்தினாள். முட்டி எட்டியது; ஆனால் ஒற்றைச் சக்கரக்காலில் நின்றதால் மெல்ல மெல்லப் பின்னால் உருண்டு போனாள்.

விசிறியையும் உள்ளே வைத்தார்கள். காற்றில் துணி உப்பி, மேசை பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நின்றது. ஓரங்களைச் சுற்றி ஸ்கேட் ஷூக்களை வைத்து அழுத்தினார்கள். இப்போது காற்று வெளியே போக வழியில்லாமல் மேசைமேல் துணியைத் தூக்க, புது மெஷின் சொந்தமாக நடனமாட ஆரம்பித்தது.

“அது ஏன் இப்படித் துள்ளுது?”

“லேசு பாருங்க. டெக்னாலஜி” என்றாள் அவள்.

வேறு வழியில்லை. அவள் மேசைக்கு அடியிலேயே போய்ப் பெட்டியோடும் விசிறியோடும் உட்கார வேண்டும். மேலே யாராவது ஒருவர் நின்று, மெஷினை ஆடாமல் பிடித்துக்கொண்டு பட்டன்களைத் திருகுவதாக நடிக்க வேண்டும்.

கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூண்டுக்குள் வேறு யாரும் இல்லை.

“நானா?”

“கியர் மாத்துற மாதிரி மாத்துங்க. போதும்.”

“கீழேர்ந்து உனக்குத் தளம் தெரியாதே. யாரு விழுறாங்க, யாரு எழுறாங்கன்னு எப்படிப் பாத்து வாசிப்பே?”

அதுதான் அவள் தொழிலின் உயிர்நாடி. தளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துத் தடவி வருபவர்கள் அதிகமானால் பாட்டை மெதுவாக்குவாள். பழகியவர்கள் சேர்ந்தால் வேகமாக்குவாள். யாராவது விழுந்தால் பாட்டைச் சட்டென்று தாழ்த்துவாள். பாட்டு தாழ்ந்தால் கால்முனையைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும் என்பது அந்த அரங்கத்துக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.

“நீங்க பாத்துச் சொல்லுங்க. உதடு அசையாம.”

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். அறுபத்தாறு வயது, முழங்காலில் பட்டை, தலையில் ஹெல்மெட். ஒரு காலை வீசி வளைவைக் கடந்து, கூண்டின் முன்னால் கச்சிதமாக நின்றார். அவருக்குப் பின்னால் மேலாளர், நீந்துவது போலக் கைகளை வீசிக்கொண்டு வந்து பலகையில் மோதினார்.

“யாரு இது?”

“உதவியாளர்மா” என்றார் கணவர்.

“பெட்டியக்கா எங்க?”

“ரொம்பப் பக்கத்துலதான் இருக்காங்க.”

“அவங்களுக்குப் புது மெஷின் பிடிபடல, மா” என்று மேலாளர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் மேசைக்கு அடியில் இன்னும் தெளிவாகக் கேட்டது. “நாலு நாள் குடுத்தேன். வயசாயிடுச்சில்ல.”

அவள் பற்களைக் கடித்துக்கொண்டு முழங்கையை மூடியில் ஊன்றினாள். ஸ்லைடரை வலதுபக்கம் தள்ளினாள். இடதுபக்கப் பாட்டு அரங்கம் முழுக்க எழுந்தது.

“ஆஹா!” என்றார் மேலாளர். “கேளுங்கம்மா, என்ன துல்லியம்!”

மேலே கணவர் வேலையைத் தொடங்கினார். முதல் கியர் போட்டார். பிறகு இரண்டாவது. பழக்க தோஷத்தில் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு மூன்றாவது போட்டார்.

“கையில என்ன லாவகம்!” என்றார் முதலாளியம்மா.

“வலப்பக்க வளைவுல நாலு பேரு கம்பிய விடாம நிக்குறாங்க” என்று கணவர் உதடு அசையாமல் முனகினார். “எல்லாமே எல் போர்டு.”

கீழேயிருந்து பாட்டு மெதுவானது. நால்வரும் கம்பியை விட்டு ஒரு காலை எடுத்து வைத்தார்கள்.

“நேர்ப்பாதை காலி. ரெண்டு பொண்ணுங்க ஓவர்டேக் பண்ணுது. மூணாவது வண்டியும் வருது.”

பாட்டு வேகம் பிடித்தது. தளமே சிரித்தபடி சுற்றியது. முதலாளியம்மாவும் இரண்டு சுற்று போய் வந்தார். அவள் இருட்டுக்குள் தாடைவரை வியர்வை வழிய, விசிறியின் கம்பியில் கூந்தல் சிக்க, தன் வாழ்நாளிலேயே மிக நன்றாக வாசித்தாள்.

அப்போது கணவர் அலறினார். “பிரேக்! பிரேக்! பிரேக்!”

வளைவில் ஒரு கனத்த மனிதர் அரிசி மூட்டை மாதிரி சரிந்திருந்தார். பின்னால் இருபது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவள் யோசிக்கவில்லை. கை தானாகப் பாட்டைத் தாழ்த்தியது. இருபது பேரும் அதே நொடியில் கால்முனையை ஊன்றினார்கள். விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து போனது. ஒரு சக்கரம்கூட அவர்மேல் படவில்லை.

முதலாளியம்மா கூண்டின் பலகையைத் தட்டினார். “பாட்டு தானா தாழ்ந்துச்சே! எப்படி?”

“ஆட்டோ, மா” என்றார் மேலாளர், கண்ணைக்கூட இமைக்காமல். “உள்ள சென்சார் இருக்கு. யாராவது விழுந்தா அதுக்கே தெரிஞ்சிடும்.”

“அப்ப ஆளு?”

“ஆளே வேண்டாம்மா. இந்த உதவியாளர்கூட வேண்டாம். கூண்டையே எடுத்துடலாம். கூல்டிரிங்ஸ் கவுண்டர்…”

நன்றாக வாசித்த காரணத்துக்காக வேலை போவது, பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு இதுதான் முதல்முறை.

முழங்கையை எடுத்தாள். இடது ஸ்பீக்கர் ஊமையானது. பாட்டை நிறுத்தினாள். வலதும் அடங்கியது. அரங்கம் முழுக்கச் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கூண்டுக்குள் கறுப்புத் துணி பொங்கி எழுந்து, அதற்குள்ளிருந்து நூலாம்படை ஒட்டிய தலையோடு பெட்டியக்கா வந்தாள்.

“நான்தாம்மா வாசிச்சேன்.” துணியை உதறித் தள்ளினாள். “இந்தப் பழைய பெட்டியில. விழுந்தது எந்த சென்சாருக்கும் தெரியல. இவரு பாத்தாரு, நான் தாழ்த்தினேன்.”

“பொய்!” என்றார் மேலாளர். “அந்த ஓட்டைப் பெட்டிக்கு இவ்வளவு துல்லியம் வருமா? கத்துக்கத் துப்பில்லாம நாடகம் போடுறாங்க.”

“கத்துக்க முடியலதான்” என்றாள் அவள். நாலு நாளாக விழுங்கி வைத்திருந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னபோது காதுமடல் சுட்டது. “ஒளிக்கல. நாலு நாளும் தட்டினேன், ஒரு சத்தம்கூட வரல. என் தலைக்கு ஏறல. அதுக்காக இந்தக் கூண்ட விட்டு இறங்க மாட்டேன். எடுக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க.”

முதலாளியம்மா ஹெல்மெட்டைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார். வயரைப் புது மெஷினுக்கு மாற்றச் சொன்னார்.

“தம்பி, நீ போடு.”

“நானாம்மா?”

“நீதானே முதல் நாளே போட்டுப் பார்த்தேன்னு போன்ல சொன்ன? பாடகர் மூச்சு விடுறது கேட்கும்னியே.”

மேலாளர் வயரைச் சொருகினார். ஒரு பட்டனை அழுத்தினார். வானவில் எரிந்தது. நீல அலை நெளிந்தது. இன்னொன்றை அழுத்தினார். பத்து விரலாலும் அழுத்தினார். அரங்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மூச்சு விடும் சத்தம் கேட்டது உண்மைதான். அது மேலாளருடையது.

“கெடுத்துட்டாங்க!” என்று அவர் திடீரென்று அவளை நோக்கி விரலை நீட்டினார். “நாலு நாளா நோண்டி நோண்டிப் புது மெஷினையே சாகடிச்சுட்டாங்க! நான் போட்டப்போ கிளி மாதிரி பேசுச்சு!”

அவள் முப்பது தடவை தட்டியது உண்மை. இரண்டிரண்டாக அழுத்தியதும் உண்மை. முழங்கையை வைத்து அழுத்தியது எல்லாவற்றையும்விட உண்மை. கணவரைப் பார்த்தாள். அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

“சார்! சார்!”

குரல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. சட்டைப் பையில் கடையின் பெயர் தைத்த ஓர் ஆள், சக்கர வண்டியில் பெரிய அட்டைப்பெட்டியோடு நின்றார். மறுமுனையைத் தாங்க இன்னொரு ஆள். மேலாளர் அவரைப் பார்த்ததும் அப்புறம் வா என்று கையை ஆட்டினார். கடைக்காரருக்கு அது வா என்று மட்டும் தெரிந்தது. ஆனால் முன்னால் போர்டு இருந்தது. காலில் சக்கரம் இல்லை. அதனால் நின்ற இடத்திலிருந்தே, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“நிஜ மெஷின் இப்பத்தான் சார் வந்துச்சு, கொண்டாந்துட்டேன்! நீங்க செவ்வாய்க்கிழமை ஷோகேஸ்லேர்ந்து தூக்கிட்டு ஓடினது வெறும் பிளாஸ்டிக் கூடு சார், லைட்டு மட்டும்தான் எரியும், உள்ள ஒண்ணுமே கிடையாது, அதத் திருப்பிக் குடுத்துடுங்க!”

முதலில் சிரித்தது கணவர்தான்.

பெட்டியக்கா அந்தப் பெரிய அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அதை அங்கேயே ஓரமா வைங்க” என்றாள். “அப்புறமா ஒரு கை பார்க்கிறேன்.”

மேலாளர் டையைத் தளர்த்தினார். கூண்டின் பலகையிலிருந்து கையை எடுத்தார். வாசல் தளத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு காலை வைத்தார். மற்றதை இழுத்தார். கைகள் காற்றில் துழாவின.

அவள் குனிந்து, வயரை மறுபடி மாற்றி, மூடிமேல் முழங்கையை வைத்து, ஸ்லைடரை வலதுபக்கம் தள்ளினாள். எல் போர்டுக்காரர்களுக்கென்று அவள் வைத்திருக்கும் மிக மெதுவான பாட்டு எழுந்தது. மேலாளர் தாளம் தப்பாமல், அடிமேல் அடி வைத்து, சக்கரங்களைக்கூடக் கழற்றாமல் வாசலைத் தாண்டிப் போனார்.